ஓனரம்மா வீட்டில் இல்லை

தம்பி என்னிடம் குழைந்து பேசினால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். சின்ன வயதில் என் ஜாமெட்ரி பாக்ஸை உடைத்துவிட்டு வந்து, "அக்கா, தலை வலிக்குதா, பிடிச்சு விடட்டுமா?" என்று கேட்டவன் அவன். தலை நரைத்து, டிரைவிங் ஸ்கூலில் ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பிறகும் அந்தக் குரல் மட்டும் மாறவில்லை. அன்றைக்கு நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்து, ஒரு கேரட் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"அக்கா, இந்த வீடு சும்மாதானே நிக்குது."

"வீடு நிக்காம நடக்குமா?"

"அதில்ல. கடன் எல்லாம் கட்டி முடிச்சாச்சு. இத்தனை வருஷத்துல இடத்தோட விலையும் ஏறிப்போச்சு. அவ்வளவு காசும் சுவத்துக்குள்ள தூங்குது. எழுப்பி வேலைக்கு அனுப்பலாம்னு பாக்குறேன்."

விஷயம் இதுதான். அவன் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். அவளும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் ஒற்றை அறை வாடகை வீட்டில் ஒருவர் மேல் ஒருவராகக் கிடக்கிறார்கள். அதையும் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். இந்த வீட்டைப் பேங்கில் வைத்துப் பணம் வாங்கி, அதில் அவளுக்கு ஒரு ஃபிளாட் வாங்கித் தரப் போகிறான். தவணையை அவனும் மாப்பிள்ளையும் பாதிப் பாதி கட்டுவார்களாம்.

"அடமானம்னு சொல்லேன்" என்றேன்.

"அந்த வார்த்தை எதுக்குக்கா இப்போ? வீடு எங்கயும் போகாது. நாம இங்கயேதான் இருப்போம்."

தொழிற்சாலையில் நான் செக்கிங் பிரிவில் இருந்தவள். தைத்து வரும் சட்டையைத் திருப்பிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் வேலை. குறை கண்டுபிடித்தே சோறு தின்றவளுக்கு வேலையை விட்டாலும் பழக்கம் விடாது. தம்பி சொன்னதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தையல் நேராகத்தான் இருந்தது. மாப்பிள்ளைக்கு வேலை போனால்? தம்பிக்கு ஒரு நாள் நெஞ்சு வலித்தால்? எங்கே ஸ்டிக்கர் ஒட்டுவது என்று தெரியாமல் கத்தரிக்காயை வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தைகளின் முகத்தை நினைத்தால் வேண்டாம் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

எனக்கு இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. எங்கள் அம்மாவின் சங்கிலியை அப்பா ஒரு முறை அடகு வைத்தார். கொஞ்ச நாள் கழித்து அம்மா சுவரோரமாக உட்கார்ந்து, "மூழ்கிப்போச்சு, மூழ்கிப்போச்சு" என்று அழுதாள். நான் என்ன கண்டேன்? நேராகப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவினேன். பாசிதான் கிடைத்தது. அந்த வழவழப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. அடகு என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வரும். சங்கிலி மூழ்கினால் கழுத்து சும்மா இருக்கும். வீடு மூழ்கினால் ஆள் எங்கே நிற்பது?

இந்த வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஓனரம்மா. ஆள் இல்லாத அறையில் விளக்கோ மின்விசிறியோ ஓடினால் எனக்குப் பொறுக்காது. போய் அணைப்பேன், அணைத்துவிட்டு இரண்டு வார்த்தை திட்டுவேன். தம்பி மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், "ஐயையோ, ஓனரம்மா வர்றாங்க, லைட்டை அணைங்க" என்று கத்தியபடி ஓடுவாள். அப்படியே ஒட்டிக்கொண்டது. தம்பி மனைவி சிரிக்கும்போது கூப்பிடுவாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள், தண்ணீர் கேன் போடுகிறவர் கூப்பிடுவார். அவருக்கு அது பட்டப்பெயர் என்றே தெரியாது என்று நினைக்கிறேன்.

உண்மையில் பத்திரத்தில் தம்பி பெயர் மட்டும்தான். இடம் வாங்கியதும் அவன், பேங்கில் முதல் கடன் வாங்கியதும் அவன். சுவர் எழும்பியதோடு காசு தீர்ந்துபோய், வீடு கூரை இல்லாமல் ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்துகொண்டு நின்றது. அப்போதுதான் நான் தொழிற்சாலையை விட்டேன். கைக்கு வந்த பணத்தை அப்படியே அவனிடம் கொடுத்தேன். கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்றைக்கு அவன் அழுதான். "அக்கா, உன் தலைக்கு மேல ஒரு கூரை இல்ல இது, எங்க எல்லார் தலைக்கு மேலயும் நீ போட்ட கூரை" என்றான். எழுதி வாங்கவில்லை. அக்கா தம்பிக்குள் எழுதி வாங்கினால் ஊர் சிரிக்காதா?

பேங்கிலிருந்து வீட்டுக்கு மதிப்புப் போடுகிறவர் வருகிறார் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி மனைவி மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எந்த மாத்திரையை யாருக்குக் கொடுத்தோம் என்பது வரை மறக்காதவள், அந்த வாரம் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அவர் வரும் அன்று காலையில் என்னிடம் வந்து, "அண்ணி, இன்னைக்கு மட்டும் போய்க் குழந்தைங்களைப் பாத்துக்கிறீங்களா? அவ தனியா கஷ்டப்படுறா" என்றாள். கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். டம்ளர் ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

போனேன். தம்பி மகள் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொன்றுக்குப் பால் கலந்துகொண்டிருந்தாள். உட்கார இடமில்லாமல் துணிக் கூடையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது, பாவம்.

"அத்தை, உங்களுக்கு அப்பா மேல கோவம் இல்லையே?"

"எதுக்குக் கோவம்?"

"நீங்க எங்ககூட இருக்கிறதா பேங்குல எழுதிக் கொடுத்ததுக்குத்தான்."

நான் அவள் தோளில் இருந்த குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவளே சொன்னாள். அடமானம் வைக்கிற வீட்டில் தங்கியிருக்கும் பெரியவர்கள் யாராக இருந்தாலும் பேங்குக்கு வந்து, இந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை, காலி செய்யச் சொன்னால் செய்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். "அதை உங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னு அப்பா ரெண்டு நாள் தூங்கவே இல்ல அத்தை. அதான், அப்படி ஒரு ஆளே அங்க இல்லன்னு சொல்லிட்டாரு."

அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். பாய் ஒன்று விரிக்கக்கூட மிச்ச இடம் இல்லை. பேங்கின் கணக்குப்படி நான் இங்கே இருக்கிறேன். இங்கே இடம் இல்லை. இடம் இருக்கிற வீட்டில் ஆள் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு பேருந்து நிறுத்தத்தில்தான் என்னை இறக்கிவிட்டிருக்கிறார்கள். கையில் இருந்த குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்து, அதை அவளிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது வேறு யாருடைய செருப்போ கிடந்தது. உள்ளே போகத் தைரியம் வரவில்லை. சொந்த வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில், திருடியைப் போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, என் அறை ஜன்னலோரம் நின்றேன்.

என் அறையைக் காணவில்லை. கட்டிலின் மேல் அட்டைப்பெட்டிகள், பழைய டயர், டிரைவிங் ஸ்கூலின் துருப்பிடித்த போர்டு. என் புடவைகள் இருந்த கொடியில் கிழிந்த தார்ப்பாய் தொங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்தப் பூசணிக்காயை அன்றுதான் பார்த்தேன். அது நான்தான்.

ஒரு சிவப்புப் புள்ளி என் சுவரில் ஏறி இறங்கியது. மதிப்புப் போடுகிறவர் கையில் அளவு எடுக்கிற கருவி. என் தலையணை கிடக்கும் இடத்துக்கு மேலே, காலண்டரின் ஆணிக்குப் பக்கத்தில் அந்தப் புள்ளி வந்து நின்றது. நானும் எத்தனையோ சட்டைகளில் சிவப்பை ஒட்டியிருக்கிறேன். ஒட்டிய சட்டை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

"இது என்ன ரூம்?" என்று கேட்டார் அவர்.

"ஸ்டோர் ரூம் சார்" என்றான் தம்பி. "வேண்டாத சாமான் போட்டு வைக்கிறது."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளே போய் நின்றால் கடன் கிடைக்காது. கடன் கிடைக்காவிட்டால் அந்தக் குழந்தைகள் தெருவில். போகாவிட்டால் நான் வேண்டாத சாமான். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் ஆழம் தெரியவில்லை. சந்திலிருந்து மெதுவாக வாசலுக்கு வந்து, தெருவைக் கடந்துவிடலாம் என்று கேட்டைத் திறந்தேன்.

அப்போதுதான் கேன்காரர் வண்டியை நிறுத்தினார். தோளில் கேனைத் தூக்கிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"என்ன ஓனரம்மா, வாசல்லயே நிக்குறீங்க? கேனை உள்ள வைக்கவா?"

மதிப்புப் போடுகிறவர் வெளியே வந்தார். பின்னால் தம்பி, அவனுக்குப் பின்னால் அவன் மனைவி. தம்பியின் முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"நீங்கதான் ஓனரா?" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. கையில் இருந்த பேனாவை மட்டும் மூடாமல் வைத்திருந்தார்.

"இல்லீங்க. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். விருந்தாளி."

கேன்காரருக்கு அது பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது. "நல்லா இருக்கே கதை. விருந்தாளியாம். தினம் காலையில என்கிட்ட, கேன் மூடி சரியில்ல, தண்ணி வாசம் வருதுன்னு சண்டை போடுறது யாரு சார்? இவங்கதான். நான் இந்தத் தெருவுக்கு வந்த நாள்லேர்ந்து இவங்கதான் ஓனரம்மா."

யாரும் சிரிக்கவில்லை. கேன்காரர் எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, கேனை மெதுவாகக் கீழே வைத்தார். தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவன் மனைவி சொன்னாள்.

"அவங்க இங்கதான் சார் இருக்காங்க. அந்த ரூம் அவங்களோடது. நான்தான் சாமானைப் போட்டு மறைச்சேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மதிப்புப் போடுகிறவர் எதுவும் திட்டவில்லை. எழுதிக்கொண்டார். "அப்போ இவங்களும் பேங்குக்கு வந்து கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அவருக்கு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் பயம் ஆள் மாறியது. அதுவரை நான் அவர்களைப் பார்த்துப் பயந்தேன். இப்போது அவர்கள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள். தம்பி காலையில் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் இருமினால் நிமிர்ந்து பார்த்தான். கையெழுத்துப் போடு என்று அவன் கேட்கவில்லை, போடுகிறேன் என்று நானும் சொல்லவில்லை. தம்பி மகள் மட்டும் ஃபோனில், "அத்தை, வீட்டுக்காரர் தினம் வந்து கதவு முன்னாடி நிக்குறாரு, குழந்தைங்க அழுதாக்கூட பயமா இருக்கு" என்றாள். அன்றைக்கு நானே போய்த் தம்பியிடம், "பேங்குக்கு எப்போ போகணும்?" என்று கேட்டேன். அவன் என் காலைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்குக்கா" என்றான்.

பேங்கில் எங்களை உட்கார வைத்த அதிகாரி சின்னப் பெண். என் தொழிற்சாலையில் சேர்ந்த புதுப் பெண்கள் மாதிரி, தப்பு நடந்துவிடக் கூடாதே என்கிற கவனம் அவள் முகத்தில் இருந்தது. பேப்பரை நிதானமாகப் படித்துக் காட்டினாள். இந்த வீட்டில் எனக்கு உரிமை இல்லை, பங்கு இல்லை, தவணை கட்டத் தவறி பேங்க் வீட்டை எடுத்துக்கொண்டால் மறுபேச்சில்லாமல் வெளியேறுவேன். ஒவ்வொரு 'இல்லை'க்கும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தலையாட்டினேன். கையெழுத்துத்தானே, போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன். அப்போது அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"ஒரே ஒரு கேள்வி சார். நீங்க வாய்விட்டுச் சொல்லணும், நான் குறிச்சுக்கணும். இந்த வீட்டை வாங்குறதுக்கோ கட்டுறதுக்கோ இவங்க ஏதாவது பணம் கொடுத்திருக்காங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தம்பியின் வலது கால் தரையை அழுத்தியது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் இவன் மிதித்து நிறுத்துவான். அவன் ஷூ அந்தத் தரையில் பிரேக்கைத் தேடியதை நான் பார்த்தேன். அங்கே வெறும் தரைதான் இருந்தது.

ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். சொன்னால் வீட்டில் எனக்கும் பங்கு உண்டு என்றாகி, எல்லாம் நின்றுபோகும். இல்லை என்று சொல்லிவிடுவானோ என்று அதைவிடப் பயந்தேன். பணம் திரும்ப வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்தவள் இல்லை. நான் கொடுத்தது அவன் ஒருவனுக்காவது தெரியும் என்கிற தெம்பில்தான் அந்தக் கூரைக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தேன்.

"இல்ல மேடம்" என்றான் தம்பி. "எதுவும் கொடுக்கல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "சரிதானாம்மா?"

தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவது போலிருந்தது. தம்பி என்னைப் பார்க்கவில்லை. அவன் காது நுனி சிவந்து, கழுத்து வியர்த்திருந்தது. அந்தக் காதைத் திருகி எத்தனை தடவை வீட்டுப்பாடம் எழுத வைத்திருக்கிறேன்.

"சரிதான்" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணிக்கொண்டது. பரவாயில்லை என்றாள் அந்தப் பெண்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தோம். தம்பி நின்றான்.

"அக்கா, நாம சும்மா பேப்பருக்குத்தானே அப்படிச் சொன்னோம்."

"ஆமா. பேப்பருக்குத்தான்" என்றேன். "வீடும் பேப்பர்லதானேடா இருக்கு."

என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

வீட்டில் என் அறை மறுபடியும் என் அறையாகியிருந்தது. தம்பி மனைவி லீவு போட்டுவிட்டு, டயரையும் பெட்டிகளையும் வெளியே எடுத்து, தரையைத் துடைத்து, புது விரிப்புப் போட்டு, என் புடவைகளை மடித்துக் கொடியில் போட்டிருந்தாள். விருந்தாளிக்குச் செய்வது போல எல்லாமே கச்சிதமாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து மேலே பார்த்தேன். கூரையில் ஒரு விரிசலும் இல்லை. நல்ல கான்கிரீட். இதில் எதுவும் என்னுடையது என்று இனி எங்கேயும் சொல்ல முடியாது. நானே என் வாயால் மூழ்கடித்துவிட்டேன். குழந்தைகள் பிழைத்தார்கள், அது பொய்யில்லை. பயம் மட்டும் போகவில்லை. இனி ஒவ்வொரு மாதமும் தவணை நாள் வரும், அதுவும் வரும்.

பொழுது சாயும் நேரத்தில் தாகமாக இருந்தது என்று எழுந்தேன். கூடத்தில் ஆள் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதற்குக் கீழே மின்விசிறி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி வாசற்படியில் உட்கார்ந்து ஃபோனில் மகளிடம் ஃபிளாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவன் மனைவி சமையலறையில் இருந்தாள். வழக்கம்போல் நேராகப் போய் சுவிட்சில் கையை வைத்தேன்.

வைத்த கை அங்கேயே நின்றது. அழுத்த வரவில்லை. யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று தோன்றியது. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்றும் தெரியும்.

"லைட்டை அணைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. வாசலில் தம்பி பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஃபோனில் அவன் மகள், "அப்பா, அப்பா, இருக்கீங்களா?" என்று கேட்பது எனக்கே கேட்டது.

நான் சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல், பதிலுக்காகக் காத்திருந்தேன்.